மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ. உரிமம்: கட்டணத்துக்கு என்ன கிடைக்கும்?

கம்பு மாவு விற்க இறங்குபவர்களுக்கு முதல் அனுபவமே கசப்புதான். அரைத்த சில நாளில் மாவு கசந்துவிடும். கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்ததும் லிப்பேஸ் நொதி அதை உடைக்கத் தொடங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட சிக்கல்களுக்கு வழி தேடுகிற மத்திய அரசு ஆய்வகம்தான் 1950 முதல் மைசூரில் இயங்கும் சி.எஃப்.டி.ஆர்.ஐ. என்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம். எருமைப்பாலில் குழந்தை உணவு செய்யும் முறை அமுல் பால் நிறுவனத்துக்குப் போனது இங்கிருந்துதான்.

வெளியார் இவர்களோடு சேர முக்கியமாக மூன்று வழி. தயாராக இருக்கும் செய்முறைக்கு உரிமம் வாங்கலாம். நம் பணத்தில் நமக்கென்று ஆய்வு செய்யச் சொல்லலாம். செலவைப் பகிர்ந்து கூட்டு ஆய்வும் நடத்தலாம். பின்னிரண்டிலும் காப்புரிமை யாருக்கு என்பது கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தில் வந்துவிட வேண்டும். சிறுதொழிலுக்கு உரிமமே போதும்.

உரிமத்தில் வருவது செய்முறை ஆவணமும் நேரடிச் செயல்விளக்கமும். இயந்திரமும், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் தொழில் உரிமமும் நம் பாடு. கட்டணத்தின் மேல் 18% ஜி.எஸ்.டி. உண்டு. பெரும்பாலும் இது தனியுரிமையும் அல்ல. அதே தொகையைக் கட்டிப் பக்கத்துத் தெருக்காரரும் வாங்கலாம்.

பலரும் சறுக்குவது அளவைக் கூட்டும்போது. 5 கிலோவுக்குச் சரியாக வந்த உலர்த்தல் 200 கிலோவில் அப்படியே வராது. தட்டில் கனமாகப் பரப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். நீர்ச் செயல்பாடு என்பது கிருமிகளுக்குப் பயன்படும்படி பொருளில் நிற்கும் ஈரத்தின் அளவு. அது 0.6க்குக் கீழே இறங்காத பொடியில் பூஞ்சணம் பிடிக்கலாம். பழச்சாறு என்றால் சர்க்கரை இளகி, சாற்றைச் சூடான காற்றில் தெளித்துப் பொடியாக்கும் ஸ்பிரே டிரையரின் சுவரில் அப்பிக்கொள்ளும். மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி போன்ற ஒன்றைச் சேர்த்தாக வேண்டும், சேர்த்தால் பழச்சுவை குறையும்.

ஆகவே செயல்விளக்கத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியவை: ஒரு தடவைக்கு எத்தனை கிலோ, தட்டுக்கு எவ்வளவு, காற்றின் வெப்பம் என்ன, எத்தனை சதவீத ஈரத்தில் நிறுத்துவது. 'ஆறு மாதம் கெடாது' என்று சொன்னால் எந்தப் பாக்கெட்டில் என்றும் கேளுங்கள். லேமினேட் உறையில் கிடைத்த ஆயுள் மெல்லிய பாலித்தீனில் கிடைக்காது. முடிந்தால் உங்கள் ஊர்க் கம்பையே எடுத்துப்போய் ஓட்டிப்பார்க்கக் கேளுங்கள். ரகம் மாறினால் கொழுப்பும் ஈரமும் மாறும்.

சாம்பார்ப் பொடிக்கு உரிமம் வாங்குவது வீண்செலவு. கெடாமல் காப்பதே பிரச்சினையாக இருக்கும் பொருளுக்கு வாங்கலாம். அதற்கும் முன், உங்கள் சரக்கில் ஒரு மாதிரியைச் சோதனைக்கூடத்தில் கொடுத்து எதனால் கெடுகிறது என்று பார்த்துவிடுங்கள். சில நேரம் உறையை மாற்றினாலே சரியாகிவிடும்.