சாங்கி – திருச்சி: தூரக் கணிப்பான்களை எவ்வளவு நம்பலாம்?

இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் தூரத்தையும் பயண நேரத்தையும் சொல்லும் இணையக் கணிப்பான்களை, சிங்கப்பூரின் ஈசூனில் குடியேறிய காலத்திலிருந்தே பயன்படுத்தி வருகிறேன். சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம் என்பதால் அதிகம் தேடுவது, சிங்கப்பூர் விமான நிலையமான சாங்கியிலிருந்து திருச்சி. தூரத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. எதில் பார்த்தாலும் 2,980 கிலோமீட்டரை ஒட்டியே வருகிறது. 1,610 என்று கண்டால் பதற வேண்டாம். அது கடல் மைல்.

நேரத்தில்தான் கோளாறு. பல கணிப்பான்கள் தூரத்தை ஏதோ ஒரு வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்து விடை சொல்லிவிடுகின்றன. போனாலும் வந்தாலும் ஒரே விடை. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, விமானம் பறக்கும் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று வீசுகிறது. திருச்சிக்குப் போகும்போது அது பின்னாலிருந்து தள்ளும். திரும்பும்போது எதிர்த்து நிற்கும். அதனால் நான் நம்புவது விமான நிறுவனத்தின் அட்டவணையைத்தான். விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் வந்து நிற்பது வரை அதில் அடங்கிவிடும். நேரடி விமானத்துக்கு நாலேகால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதையும் டிக்கெட்டில் நேரடியாகப் படிக்க முடியாது. "ஏழு மணிக்கு ஏறி எட்டே முக்காலுக்கு இறங்கிவிடுகிறாயே, மதுரைக்குப் பஸ்ஸில் போகவே அதைவிட நேரமாகுமே!" என்று அம்மா வியந்ததுண்டு. சிங்கப்பூருக்கும் இந்தியாவுக்கும் உள்ள இரண்டரை மணி நேர வித்தியாசம் செய்யும் வேலை. 1982இல் சிங்கப்பூர் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியிராவிட்டால் இரண்டு மணியோடு போயிருக்கும். திரும்பி வரும்போது அதற்கு வட்டி கட்ட வேண்டும்: நள்ளிரவு ஒரு மணிக்கு ஏறினால் சாங்கியில் காலை 7.45. கடிகாரப்படி ஒரு முழு இரவு, ஆனால் சாப்பாட்டு வண்டி போய் விளக்கு அணைந்த பிறகு உறங்கக் கிடைப்பது மூன்று மணி நேரம்கூட இல்லை.

கணிப்பான் உண்மையில் ஏமாற்றுவது ஒப்பிடும்போது. சென்னை, திருச்சியைவிட ஏறத்தாழ 60 கிலோமீட்டர் பக்கம் என்று காட்டும். அங்கே இறங்கினால் புதுக்கோட்டைக்கு இன்னும் 400 கிலோமீட்டர் அளவுக்குச் சாலையிலோ ரயிலிலோ போக வேண்டும். கொழும்பு வழியாகப் போனாலோ நேர்வழியைவிட 200 கிலோமீட்டர்தான் கூடுதல்; பார்க்க ஆசையாக இருக்கும். இடையில் நாற்காலியில் கிடக்கும் நேரத்தை எந்தக் கணிப்பானும் கூட்டுவதில்லை. தனியாகப் போகும்போது கொழும்பில் மூன்று மணிக்குள் அடுத்த விமானம் என்றால், விலையைப் பார்த்து எடுப்பேன். அதற்கு மேல் என்றால் பார்ப்பதே இல்லை. வயதானவர்களை அழைத்து வருவதானால் நேரடி விமானம் மட்டுமே.