பதின்மூன்றாம் மாடியா, ஆழ்வார்பேட்டை பங்களாவா?

பேய்ப் படம் என்று பேச்செடுத்தாலே எங்கள் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு பக்கம் விக்ரம் குமாரின் 'யாவரும் நலம்' (2009). இன்னொரு பக்கம் அஜய் ஞானமுத்துவின் 'டிமான்ட்டி காலனி' (2015). இரண்டிலும் டிவிதான் வில்லன் என்பதால் ஒப்பிடுவது சுலபம்.

நான் 'யாவரும் நலம்' கட்சி. அதில் பேய் வருவதற்கு முன்பே பயம் வந்துவிடுகிறது. பதின்மூன்றாம் மாடியில் வாங்கிய புது ஃப்ளாட்டில் தினமும் பால் திரிகிறது. மற்றவர்களுக்கெல்லாம் ஓடும் லிஃப்ட், மாதவன் ஏறினால் மட்டும் நகராது. மதியம் ஒரு மணி சீரியலில் வருவதெல்லாம் அந்த வீட்டிலேயே நடக்கிறது. பி.சி. ஸ்ரீராமின் கேமரா நல்ல வெளிச்சத்திலேயே வயிற்றைக் கலக்குகிறது. படம் பார்த்த வாரம், எங்கள் வீட்டில் பால் பொங்கும்போதெல்லாம் அடுப்பருகே போய் எட்டிப் பார்த்தேன். மாமியும் மருமகளும் சீரியல் பார்க்கும் கூடத்தைவிடப் பாதுகாப்பான இடம் நமக்கு எது? அங்கேயே கை வைத்துவிட்டார்கள்.

'டிமான்ட்டி காலனி'யின் பலம் வேறு. ஆழ்வார்பேட்டையில் நிஜமாகவே இருக்கும் தெரு அது. சென்னைக்காரர்கள் சின்ன வயதிலிருந்தே அந்தத் தெரு பங்களாவின் பேய்க் கதைகளைக் கேட்டவர்கள். அந்தப் பயத்தோடுதான் தியேட்டருக்குள் நுழைகிறோம். அப்புறம், அருள்நிதியும் மூன்று நண்பர்களும் ஒரே அறைக்குள் மாட்டிக்கொள்ள, டிவியில் அவர்களே தெரியும் காட்சி! அங்கே எனக்கும் மூச்சு முட்டியது.

கூட்டத்தோடு கத்திப் பார்க்க 'டிமான்ட்டி'. தனியாக, பட்டப்பகலில் பார்க்க 'யாவரும் நலம்'.