லாட் நோட்டா, கியூஆர் செயலியா?

எந்தப் பாக்கெட் தூள் எந்த லாட்டிலிருந்து, அதாவது ஒரே கொள்முதலில் வந்த எந்தச் சரக்கிலிருந்து வந்தது என்று பதிந்துவைக்க, எங்கள் மஞ்சள் மில்லில் இரண்டையும் வைத்துப் பார்த்தாயிற்று. ஒரு வருடம் கியூஆர் செயலி, அதன் பிறகு இரண்டு வருடமாக நீள நோட்டு. நான் நோட்டுக் கட்சி.

செயலியில் தேடுவது சுலபம், ஸ்கேன் செய்தால் பாக்கெட்டின் வரலாறு வந்து நிற்கும். நோட்டு நனைந்தால் போச்சு. இதிலெல்லாம் வாதம் இல்லை.

ஒரு பாக்கெட்டில் புகார் வந்தால் இரண்டு கேள்வி: எந்த மூட்டையிலிருந்து வந்தது, அதே அரைப்பில் போன மற்றவை எந்தெந்தக் கடையில் இருக்கின்றன? ஐரோப்பிய ஒன்றியத்தின் 178/2002 சட்டம் கேட்பதும் யாரிடம் வாங்கினாய், யாருக்குக் கொடுத்தாய் என்பதுதான். 2005-ல் உணவில் சேர்க்கக்கூடாத சூடான் 1 சாயம் கலந்த மிளகாய்த்தூள் ஒரு சாஸுக்குள் போனதில், அந்த சாஸ் சேர்ந்த நூற்றுக்கணக்கான உணவுகளை பிரிட்டன் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். மஞ்சளில் பயம் லெட் குரோமேட் என்ற ஈய நிறமி. நிறத்துக்காகப் பாலிஷ் போடும்போதே அதைச் சேர்ப்பவர்கள் உண்டு. அதனால் விவசாயி பெயர் மட்டும் போதாது, பாலிஷ் போட்டவர் பெயரும் வேண்டும்.

சங்கிலி அறுவது கலக்கும் இடத்தில். நிறம் ஒத்துவர விரலி மஞ்சளும் கிழங்கு மஞ்சளுமாக இரண்டு மூன்று லாட்டைச் சேர்த்துத்தான் கொட்டுவோம். அந்த நேரத்தில் பதிவாகாதது பிறகு பதிவாவதே இல்லை. "கையெல்லாம் தூளுங்கண்ணா, சாயந்திரம் மொத்தமா ஏத்திக்கறேனுங்க" என்பார், செயலியில் ஏற்றும் பையன். சாயங்காலம் ஞாபகத்திலிருந்து ஏற்றுவார். திரையில் எல்லாம் கச்சிதம். ஒருநாள் பூஞ்சை வாடை என்று பாக்கெட் திரும்பி வந்தது. ஸ்கேன் காட்டிய லாட்டில் வாங்கியது 130 கிலோ, அதிலிருந்து வந்ததாகப் பதிவான தூளோ 160 கிலோ. அரைத்தால் எடை கூடவா செய்யும்?

இப்போது நோட்டு, மெஷின் பக்கத்திலேயே சணல் கயிற்றில் தொங்குகிறது. மூட்டையைப் பிரித்ததும் அதன் சீட்டைக் கிழித்து அந்தப் பக்கத்திலேயே ஒட்ட வேண்டும். எழுதுவது பேட்ச் நம்பரும், அதாவது அந்த அரைப்பின் எண்ணும், எடையும் மட்டும். சீட்டு ஒட்டாமல் ஸ்விட்ச் போடக்கூடாது. மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பாக்கெட்டை எடுத்து, மூட்டை வரை போய்ப் பார்ப்பேன். அரை மணி நேரம் ஆகிறது, ஆகட்டும்.

எங்களுக்கு இரண்டே சரக்கு, நாற்பது கடை. ஏற்றுமதிக்காரர்களுக்கு இது ஒத்துவராது. திராட்சைக்கு அபெடா என்ற மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பு வைத்திருக்கும் கிரேப்நெட் பதிவு முறை மாதிரி கணினியில்தான் ஓட்டியாக வேண்டும். அந்தப் பக்கம் நான் போனதில்லை. போன தீபாவளிக்குச் சாம்பார் பொடி ஆரம்பித்தோம். ஒரு பேட்ச்சுக்கு ஒன்பது சீட்டு, பக்கம் இப்போதே கொள்ளவில்லை.