87,500 ரூபாய்க்கு என்னுடைய பழைய பிரேக் டிஸ்க்கையே எனக்கு விற்றார்கள்

ஹைபிரிட் கார் வைத்திருக்கிற வன்னி ஆட்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். கோபத்தில் எழுதுகிறேன், பிழைகள் இருந்தால் மன்னியுங்கள். நேற்றுப் பின்னேரம்தான் விஷயம் முழுதாக வெளித்தது. இரவு முழுக்க நித்திரை இல்லை. இப்படியான ஆட்களிடம் இருந்து எப்படித் தப்பலாம் என்பதையும் கடைசியில் விபரமாக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 2013 டொயோட்டா அக்வா. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, அன்றிலிருந்து பழைய வாகனத்தைப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். 2025 இல் திறந்துவிட்டார்கள், ஆனால் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே இதுதான் எனக்கு. ஒட்டுசுட்டானில் வீடு, கிளிநொச்சியில் வேலை, இடைக்கிடை தெரிந்த சனத்துக்கு ஹயர்.

மார்கழி மழையோடு அம்மாவை யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். ஒரு மாதத்துக்கு மேல் கார் முற்றத்தில் வேம்புக்குக் கீழே நின்றது. திரும்பி வந்து எடுத்தபோது முன்சில்லுப் பக்கம் கறகற என்று சத்தம். குனிந்து பார்த்தால் சில்லோடு சேர்ந்து சுற்றுகிற பிரேக் தட்டு, அதுதான் டிஸ்க், இரண்டும் கிரவல் ரோட்டு நிறத்தில் கறள் பிடித்துக் கிடந்தன. சாதாரணக் காரில் இந்தக் கறள் நாலு தரம் பிரேக் பிடித்தால் தேய்ந்து போய்விடும். பெற்றோல் என்ஜினோடு மின்மோட்டரும் இருக்கிற ஹைபிரிட்டில் அப்படி இல்லை. மெல்லமாகப் பிரேக்கை மிதிக்கும்போது வேகத்தைக் குறைப்பது பெரும்பாலும் மோட்டர்தான், அது அந்த வேகத்தை பற்றரிக்குச் சார்ஜாக மாற்றிவிடும். பாட் என்கிற பிரேக் கட்டை வந்து டிஸ்க்கைக் கடிப்பது வண்டி கிட்டத்தட்ட நிற்கப் போகும்போதோ, அமத்தி மிதிக்கும்போதோதான். அதனால் பாட் வருசக்கணக்கில் உழைக்கும், டிஸ்க் கறள் பிடிக்கும். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அன்றைக்குத் தெரியாது.

முகநூலில் பக்கம் வைத்து, ‘ஹைபிரிட் மட்டும் செய்கிறோம்’ என்று வீடியோ போடுகிற வேலைத்தலம் ஒன்று. பெயர் எழுதவில்லை, காரணம் பிறகு. ஏ9 ஓரம் என்பது மட்டும் போதும். சில்லைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். அந்தப் படம்தான் இன்றைக்கு என் கையில் இருக்கிற ஒரே சாட்சி. ஐந்து நிமிசத்தில் பதில் வந்தது: “அண்ணை, டிஸ்க் முடிஞ்சுது. ஓடாதேங்கோ.”

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னர் போனேன். வடிவான இடம். தரையில் ரைல், கண்ணாடிக்குப் பின்னால் இருக்க செற்றி, பிளேன்ரீ வந்தது. பொறுப்பான பெடியன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து எனக்கு முன்னாலேயே உடைத்தான். ஜப்பான் எழுத்துப் போட்ட பெட்டி. உள்ளே எண்ணெய்த் தாள் சுற்றிய டிஸ்க். கையில் தந்தான். நல்ல பாரம், கையெல்லாம் எண்ணெய். “காசை இப்ப தர வேண்டாம் அண்ணை, வேலை முடிய ஓடிப் பார்த்திட்டுத் தாங்கோ. பிள்ளையளை ஏத்துற வாகனம், பிரேக்கில விளையாடக் கூடாது” என்றான். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு வசனத்தில் விழுந்துவிட்டேன். அட்வான்ஸ் கேட்காதவன் கள்ளனாக இருப்பானா?

வேலை தொடங்கும்போது நானும் எழும்பிப் போனேன். மறித்தான். “ஹைபிரிட் அண்ணை, ஹை வோல்ட்டேஜ். எங்கட ஆக்களே கையுறை போட்டுத்தான் நிப்பினம்.” நான் பயந்து திரும்பி வந்து செற்றியில் இருந்தேன். சரி, இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஹை வோல்ட்டேஜ் ஓடுவது செம்மஞ்சள் நிற வயரில். அதற்கும் முன்சில்லு டிஸ்க்குக்கும் சம்பந்தமே இல்லை. டிஸ்க் வெறும் இரும்புத் தட்டு, எந்தக் காரிலும் இருப்பதைப் போலத்தான்.

ஒன்றரை மணித்தியாலம் சென்றது. கூப்பிட்டார்கள். சில்லுக் கம்பிகளுக்கு இடையால் டிஸ்க் வெள்ளி நிறத்தில் பளபளத்தது. ஒரு மடிக்கணினியைச் ஸ்டியரிங்குக்குக் கீழே வயர் போட்டுக் கொழுவி, ஏதோ கோடுகள் ஓடுவதைக் காட்டி, “செட்டிங் ஓகே” என்றார்கள். ரோட்டில் ஒரு சுற்று. சத்தம் இல்லை. கணக்கு: டிஸ்க் சோடி 58,000, பாட் 14,500, ஹைபிரிட் செட்டிங் 9,000, கூலி 6,000. மொத்தம் 87,500. மனைவியின் சீட்டுக்காசு அப்படியே இருந்தது, எண்ணிக் கொடுத்தேன். கொப்பியில் கிழித்த தாளில் எழுதித் தந்தார்கள். கடையின் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை. பழைய டிஸ்க்கைக் கேட்டேன். “அதை இப்பதான் பழைய இரும்புக்காரன் ஏத்திக்கொண்டு போனவன்” என்றான். ஒன்றரை மணித்தியாலத்துக்குள் இரும்புக்காரன் வந்து போய்விட்டானாம். அப்போதாவது மண்டையில் தட்டியிருக்க வேண்டும்.

பத்து நாள் நன்றாக ஓடியது. பிறகு ஒருநாள் முறிகண்டியில் பிள்ளையாருக்கு நிறுத்த வேகத்தைக் குறைத்தேன். பிரேக் பெடல் காலுக்குக் கீழே துடிக்கத் தொடங்கியது. ஸ்டியரிங் இடமும் வலமும் உதறியது. போன் எடுத்தேன். “புது டிஸ்க் அண்ணை, 500 கிலோமீற்றர் ஓட செட் ஆகும்.” ஓடினேன். கூடியது. திரும்ப எடுத்தேன். “எங்கட வேலையில பிழை இல்லை, உங்கட பக்கம் ரோட்டு அப்படி.” மூன்றாம் தரம்: “பாஸ் கொழும்புக்குப் போயிட்டார், திங்கள் எடுங்கோ.” திங்கள் எடுத்தேன், எடுக்கவில்லை. வட்ஸ்அப்பில் நீலச் சரி விழுகிறது, பதில் இல்லை. அவர்களின் வீடியோ ஒன்றுக்குக் கீழே மரியாதையாகத்தான் எழுதினேன், ‘என் வாகனத்தையும் ஒருக்கா பாருங்கோ தம்பி’ என்று. அரை மணித்தியாலத்தில் அதை அழித்து என்னையும் தடுத்துவிட்டார்கள்.

போன கிழமை விடியப்புறம் மாங்குளம் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். ரோட்டில் மாடு படுத்திருந்தது. நம் ரோட்டுகளில் இது புதினம் இல்லை, தார் சூட்டுக்கு வந்து படுக்கும். அமத்தி மிதித்தேன். வண்டி குலுங்கி ஒரு பக்கம் இழுத்தது. மாட்டுக்கும் எனக்கும் இடையில் ஒரு முழம். பின்சீற்றில் எயார்போட்டுக்குப் போகிற குடும்பம், மடியில் கைக்குழந்தை.

நேற்று மச்சானின் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். சில்லைக் கழற்றினான். சிரித்தான். “அத்தான், விளிம்பில நகத்தை வைச்சுப் பாருங்கோ” என்றான். வைத்தேன். டிஸ்க்கின் வெளி ஓரத்தில் ஒரு திட்டு நகத்தைப் பிடித்தது. பாட் வருசக்கணக்கில் தேய்த்த டிஸ்க்கில்தான் அந்தத் திட்டு வரும், புதியதில் விளிம்பு வரை ஒரே மட்டம். பாட் ஓடுகிற முகத்தைக் கிரைண்டரால் தேய்த்து, மற்ற இடமெல்லாம் வெள்ளிப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். ஸ்குரூடிரைவரால் சுரண்டினான், பெயின்றுக்குக் கீழே கறள். திட்டு இடைஞ்சல் செய்ததால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு நாணயக் குற்றிகளை வைத்து, வெர்னியரால் சேர்த்து அளந்து, குற்றிகளின் தடிப்பைக் கழித்தான். மூன்று இடத்தில் மூன்று அளவு. பெடல் துடித்ததற்குக் காரணம் அதுதான். ஒரு இடத்தில் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கிற ஆகக் குறைந்த தடிப்பை விடவும் குறைவு.

அது என்னுடைய டிஸ்க்தான் என்பதற்கு ஆதாரம்? மூன்று வருசத்துக்கு முன்னர் பாட் மாற்றும்போது டிஸ்க் அதைத் தாங்குகிற ஹப்போடு இறுகிப்போய், வேறொரு மெக்கானிக் சுத்தியலால் தட்டிக் கழற்றினார். டிஸ்க்கின் நடுவில் தொப்பி மாதிரிப் புடைத்த இடத்தில் இரண்டு குழி விழுந்தது, ஒன்று வட்டம், ஒன்று பிறை மாதிரி. அந்தப் பக்கத்துக்கு அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வட்டமும் பிறையும் அப்படியே. நேற்று பெயின்றைத் துடைத்தபோதும் அதே இரண்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. 87,500 ரூபாய். அந்த ஜப்பான் பெட்டி இன்றைக்கு யாருக்கு முன்னால் உடைபடுகிறதோ.

இதில் எனக்கு வயிறு எரிவது வேறொன்றுக்கு. அந்தக் கறளோடு இருந்த டிஸ்க்கை மாற்ற வேண்டித்தான் இருந்ததா? அன்றைக்கு யாராவது அளந்து பார்த்திருந்தால், கறளை எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சக் காலம் ஓடியிருக்கலாமோ என்னவோ. இப்போது அதுவும் பாழ். செட்டிங் என்று எடுத்த 9,000 இன்னொரு பகிடி. டிஸ்க்கும் பாட்டும் மாற்றப் பிரேக் ஒயில் லைனைத் திறப்பதே இல்லை. லைனைத் திறந்து காற்று எடுக்க வந்தால்தான் இந்த வாகனத்துக்குக் கொம்பியூட்டர் தேவை.

பாவனையாளர் அதிகாரசபைக்கு, 1977 இலக்கத்துக்கு அடித்து முறைப்பாடு வைக்கலாம் என்று இருந்தேன். கையில் இருப்பதோ கொப்பித்தாள். பெயர் எழுதாததற்குக் காரணமும் அதுதான், அவர்கள் திருப்பி என்மேல் வழக்குப் போட்டால் காட்ட என்னிடம் ஒரு படத்தைத் தவிர ஒன்றும் இல்லை. இன்பொக்ஸில் கேட்காதீர்கள்.

விபரமாக எழுதுகிறேன் என்றேன், கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், கரண்ட் அடிக்கும் என்றால் அடிக்கட்டும் என்று நில்லுங்கள். ஆனால் திறப்பைத் தள்ளி வையுங்கள், வேலை நடக்கும்போது கதவைத் திறக்காதீர்கள், பிரேக்கை மிதிக்காதீர்கள். அக்வாவில் அதற்கே பிரேக் பம்ப் தானாக ஓடும், வேலை செய்கிறவரின் கைக்கு ஆபத்து.

பழைய சாமான் உங்கள் டிக்கியில் ஏறின பிறகு காசு. பழைய டிஸ்க்கில் பெயின்றால் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போங்கள். புதியதில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பில்லில் கடையின் பெயர் வேண்டும்.

மழைக்கு நின்ற வாகனம் என்றால், ஆளில்லாத நேர் ரோட்டில் மெதுவாகப் போகும்போது நியூட்ரலில் போட்டு நாலைந்து தரம் பிரேக் பிடியுங்கள். நியூட்ரலில் மோட்டர் பிடிக்காது, பாட்தான் பிடிக்கும், கறள் போகும். அதற்குப் பிறகும் சத்தம் இருந்தால் மட்டும் கராச்சுக்கு.

மனைவி இன்னும் அந்த 87,500 பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. சற்றுமுன் வந்து, வாசலில் கிடக்கிற இரண்டு தட்டையும் எடுத்து ஓரமாக வையுங்கோ, சின்னவள் காலை இடிச்சுப்போட்டாள் என்றாள். எழும்பிப் போய் வைக்க வேண்டும்.