எடை குறைந்த காரைப் பூட்டி வைக்கலாமா? பல வருடம் லோட்டஸ் எலிஸ் ஓட்டிய அனுபவம்

கார் வடிவமைப்பாளர் கோர்டன் மர்ரியின் டி.50 காரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே ஒரு கேள்வி வந்துவிடுகிறது. மொத்தமே 100 கார்கள், ஒன்றின் விலை வரி சேர்க்காமலே 23.6 லட்சம் பவுண்டு. இவ்வளவு கொடுத்து வாங்குகிறவர் அதை ரோட்டில் இறக்குவாரா, ஏசி போட்ட கராஜில் போர்த்தி வைப்பாரா? என் பதில் தெளிவானது: எடையைக் குறைக்கவே பாடுபட்டுச் செய்த ஒரு கார், ஓட்டத்தான். டி.50-இன் விலையில் ஒரு மூலைக்கும் வராத, ஆனால் அதே எண்ணத்தில் உருவான ஒரு காரைப் பல வருடங்களாக ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

என்னுடையது இரண்டாம் தலைமுறை லோட்டஸ் எலிஸ், 111ஆர். டொயோட்டாவின் 1.8 லிட்டர் எஞ்சின், 192 குதிரைத்திறன், எடை சுமார் 860 கிலோ. இன்றைய சாதாரணக் குடும்பக் கார்கள் பல 1,200 கிலோவைத் தாண்டுகின்றன. எலிஸின் அடிச்சட்டம் அலுமினியத் துண்டுகளை எபாக்ஸி பசையால் ஒட்டிச் செய்தது. 1996-இல் முதல் எலிஸ் வந்தபோது அந்தச் சட்டத்தின் எடை 70 கிலோகூட இல்லை. கதவைத் திறந்தால் அகலமான அலுமினியத் திண்டு ஒன்று குறுக்கே நிற்கும். அதன் மேல் காலைத் தூக்கிப் போட்டு, உடம்பை மடக்கித்தான் உள்ளே இறங்க வேண்டும். முழங்கால் வலி இருக்கிறவர்களுக்கு இந்தக் கார் வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன். சத்தம் அதிகம், பொருள் வைக்க இடம் குறைவு. இதையெல்லாம் கடையில் நின்று பார்க்கும்போதே தெரிந்துகொள்ளலாம்.

நின்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதது ஸ்டீயரிங். பவர் ஸ்டீயரிங் கிடையாது. பார்க்கிங்கில் திருப்பும்போது தோள் வலிக்கும். வண்டி நகர ஆரம்பித்ததும் கை லேசாகிவிடும். ரோட்டில் அடித்திருக்கும் வெள்ளைக் கோட்டின் மேல் டயர் ஏறி இறங்குவது விரலில் தெரியும். மழையில் நனைந்த வளைவில் முன் டயர் பிடியை இழக்கப் போகிறதென்றால், வழுக்குவதற்கு முன்பே ஸ்டீயரிங்கின் கனம் மெல்லக் குறையும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், கனம் திரும்ப வந்துவிடும். எனக்குக் கார் ஓட்டுவதில் இருக்கும் சந்தோஷத்தில் பாதி இந்த ஒரு நொடியில்தான் இருக்கிறது. வேகம் ஐம்பது, அறுபதில் இருந்தாலே இது கிடைக்கும், ரேஸ் டிராக் தேவையில்லை.

இதற்கெல்லாம் காரணம் எடைதான். கார் லேசாக இருந்தால் அகலமான டயர் வேண்டாம். என் காரின் முன் டயர் அகலம் 175 மில்லிமீட்டர்தான். டயர் சிறியதாக இருப்பதால் பவர் ஸ்டீயரிங் வேண்டாம். பிரேக்கும் ஸ்பிரிங்கும் சிறியதாக இருந்தால் போதும், அவற்றால் எடை இன்னும் குறைகிறது. டி.50-இல் மர்ரி இதே கணக்கைக் கடைசி எல்லைவரை கொண்டுபோயிருக்கிறார். காஸ்வொர்த் என்ற எஞ்சின் கம்பெனி செய்த 3.9 லிட்டர், 12 சிலிண்டர் வி12 எஞ்சின் 178 கிலோதான், நிமிடத்துக்கு 12,100 சுற்று வரை போகும். முழுக் காருமே 1,000 கிலோவுக்குள். பின்னால் இருக்கும் 40 சென்டிமீட்டர் விசிறி காருக்கு அடியில் ஓடும் காற்றை உறிஞ்சி, ரோட்டின் மேல் டயரின் பிடியைக் கூட்டுகிறது. ஓட்டுநர் நடுவில் உட்கார்ந்து, ஆறு கியரையும் கையால்தான் மாற்ற வேண்டும். நிறுத்தி வைத்த காரில் இதில் எதற்கும் வேலையே இல்லை.

ஏறக்குறைய இரண்டு டன் எடையும் 1,500 குதிரைத்திறனும் கொண்ட புகாட்டி சிரோன் மாதிரியான காரைக் காட்சிக்கு வைத்தால் எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. அதன் பிரம்மாண்டம் நின்றாலும் கண்ணுக்குத் தெரியும். எடைக் குறைப்பைக் கண்ணால் பார்க்க முடியாதே.

சரி, ஓட்டாமல் வைத்தால் கார் புதிதாகவே இருக்குமா? என் எலிஸை முதலில் வைத்திருந்தவர் அதை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டார், ஆனால் அதிகம் ஓட்டவில்லை. எனக்கு வந்தபோது ஓடோமீட்டரில் சொற்பக் கிலோமீட்டர்தான். பெயின்ட் பளபளத்தது. டயரின் பள்ளங்கள் கடையிலிருந்து வந்தது போல ஆழமாக இருந்தன. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் அது தயாரான வாரம், கடைசி இரண்டும் வருடம். என் காரில் இருந்தவை பத்து வருடம் கடந்தவை. நகத்தால் அழுத்தினால் ரப்பர் அமுங்கவில்லை. பின் சக்கர பிரேக்கில், பேடை அழுத்தும் கேலிபர் ஒன்று இறுகியிருந்தது, கூலன்ட் குழாய் ஒன்றில் விரல் வைத்த இடத்தில் மயிரிழை வெடிப்பு. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், அதனால் கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் காலப்போக்கில் கெட்டுப்போகும். முதல் சில மாதங்கள் இதையெல்லாம் மாற்றுவதிலேயே போயிற்று. அப்புறம் தொடர்ந்து ஓட்ட ஆரம்பித்த பிறகு, தேய்மானச் சாமான்களைத் தவிர வேறு எதற்கும் பெரிய செலவு வந்ததில்லை. இப்போது டயர்கள் வயதாகிக் கெடுவதில்லை, தேய்ந்துதான் தீர்கின்றன.

விலை கூடினால் இந்தப் பிரச்சினையும் கூடுகிறது. மெக்லாரன் எஃப்1 என்ற ரோட்டுக் காரில் பெட்ரோல் நிற்பது ரப்பர் பை போன்ற ஒரு டேங்க்கில்; ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாவிட்டாலும் அதை மாற்றத்தான் வேண்டும்.

அதே எஃப்1 தான் இந்த விவாதத்துக்கு இரண்டு பக்கத்திலும் சாட்சி. மர்ரி வடிவமைத்த அந்தக் கார் 1992-இல் வெளிவந்தது, மொத்தம் 106 தான் செய்தார்கள், அப்போதைய விலை சுமார் 5.4 லட்சம் பவுண்டு. நடிகர் ரோவன் அட்கின்சன் தன்னுடையதை 41,000 மைல், அதாவது சுமார் 66,000 கிலோமீட்டர் ஓட்டினார். இரண்டு முறை விபத்து. 2011-இல் நடந்த இரண்டாவது விபத்துக்குப் பிறகு ரிப்பேர் முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்தக் காரை அவர் 2015-இல் 80 லட்சம் பவுண்டுக்கு விற்றார். கடைக்குப் போக, பிள்ளைகளைக் கூட்டிவர என்று உபயோகித்த கார் அது.

இன்னொரு எஃப்1, வெறும் 390 கிலோமீட்டர் ஓடியது, 2021-இல் பெபிள் பீச் ஏலத்தில் 2 கோடியே 4 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. ஓட்டாதவருக்குத்தான் சந்தை அதிகம் கொடுக்கிறது, இதை மறுக்க முடியாது. ஆனால் ஓட்டியவரும் பல மடங்கு லாபத்தோடுதான் வெளியே வந்திருக்கிறார், நடுவில் 66,000 கிலோமீட்டரும் அவருக்குக் கிடைத்தது. அந்த வித்தியாசத்தைப் பணமாக மட்டும் கணக்கிட எனக்கு மனம் வரவில்லை.

எல்லாக் காருக்கும் விலை ஏறிக்கொண்டே போகும் என்பதும் இல்லை. 2016-இல் வந்த போர்ஷே 911 ஆர் மொத்தம் 991 தான். கையால் கியர் மாற்றும் லேசான 911 அது ஒன்றுதான் என்று நினைத்து, வாங்கிய கையோடு பல மடங்கு விலை சொன்னார்கள். அடுத்த வருடமே கிட்டத்தட்ட அதே குணமுள்ள ஜிடி3 டூரிங் வந்தது, அந்த விலைகள் இறங்கின. பூட்டி வைத்தவர்களுக்கு ஓட்டிய அனுபவமும் இல்லை, எதிர்பார்த்த லாபமும் இல்லை.

கம்பெனிகளும் தங்களால் ஆனதைச் செய்து பார்க்கின்றன. ஃபோர்டு தன் ஜிடி காரை இரண்டு வருடத்துக்கு விற்கக் கூடாது என்று வாங்கியவர்களிடம் கையெழுத்து வாங்கியது. மல்யுத்த வீரர் ஜான் சினா அதற்குள் விற்றுவிட, 2017-இல் வழக்கே போட்டது. அடுத்த வருடம் சமரசம் ஆயிற்று. இந்த ஒப்பந்தங்கள் விற்பதைத் தடுக்கும். சாவியை எடுத்து வண்டியைக் கிளப்பு என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

சேகரிப்பவர்கள் சொல்வதில் ஒன்றை மட்டும் நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஒவ்வொரு மாடலிலும் ஒன்றிரண்டு கார்கள், தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே இருப்பது அவசியம். முப்பது வருடம் கழித்து ஒரு காரைச் சரிசெய்கிறவருக்கு, முதலில் என்ன நட்டு இருந்தது, தையல் எந்தப் பக்கம் போயிற்று, பெயின்ட் எவ்வளவு மெல்லியதாக அடித்திருந்தார்கள் என்று பார்க்க ஓர் அசல் வேண்டும். நூறில் இரண்டு மூன்று அப்படி இருந்தால் போதுமே, தொண்ணூறு எதற்கு?

இந்த மாதிரி ஒரு காரை வாங்கிவிட்டு, தினமும் ஓட்ட வழியில்லாதவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல ஒன்று உண்டு. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறும விட்டு அணைப்பது காருக்கு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். அது கெடுதல். எஞ்சின் முழுச் சூடு ஏறாததால் எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீராகத் தங்கிவிடும், பேட்டரியும் இழந்ததை மீட்காது. மாதம் இரண்டு முறை என்றாலும் சரி, ஆயில் நன்றாகச் சூடாகும்வரை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். பிரேக்கை நாலைந்து தடவை அழுத்தமாகப் பிடியுங்கள், எல்லா கியரையும் போடுங்கள். எஞ்சின் சூடான பிறகு ஒருமுறையாவது எஞ்சின் சுற்றைக் காட்டும் முள்ளை மேல்வரை ஏற விடுங்கள். என் எலிஸில் நிமிடத்துக்கு 6,200 சுற்றைத் தாண்டும்போது வால்வுகளைத் திறக்கும் கேம் மாறி, எஞ்சினின் குரலே வேறாகும். அதைக் கேட்ட பிறகு வண்டியை உடனே வீட்டுக்குத் திருப்ப யாருக்கும் தோன்றாது.