வியட்நாம் பேக்கேஜ் எடுப்பவர்கள் கவனத்துக்கு: எங்கள் ஹுவே வாசலோடு முடிந்த கதை

நங்கநல்லூரிலிருந்து எழுதுகிறேன். வியட்நாமுக்கு முதல் தடவை போகிறவர்கள், அதுவும் எங்களைப் போலப் பழைய ஊர்களைப் பார்க்கவென்றே போகிறவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நிறுவனத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள், புகார் நடந்துகொண்டிருக்கிறது. தி.நகரில் ஏசி அறை, நல்ல காபி. அவ்வளவுதான் சொல்வேன்.

2025 பிப்ரவரியில் போனோம். நானும் மனைவியும், தங்கையும் மாப்பிள்ளையும். ஏழு நாள், ஆளுக்கு 74,500 ரூபாய், வரி தனி. வண்ணத்தாளில் ஹனோய், ஹுவே, ஹோய் ஆன், மீ சன் என்று நான்கு ஊர்கள் கொட்டை எழுத்தில் இருந்தன. எனக்கு ஹுவேதான் முக்கியம். 1802 முதல் 1945 வரை நுயென் வம்சத்து அரசர்கள் பதின்மூன்று பேர் இருந்து ஆண்ட ஊர். கோட்டைக்குள்ளே, 1830களில் வார்த்த ஒன்பது பெரிய வெண்கலக் கொப்பரைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் இரண்டு டன். மலை, ஆறு, மரம், மீன், படகு என்று அந்த நாட்டையே அவற்றின் மேல் புடைப்பாக வார்த்து வைத்திருக்கிறார்கள். என் அப்பா பாத்திரக்கடை வைத்திருந்தவர். வெண்கலத்தைத் தட்டிப் பார்த்தே தரம் சொல்வார். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு அதைப் பார்க்கும் ஆசை இருக்காதா?

இதையெல்லாம் அந்த அலுவலகத்துப் பெண்ணிடம் சொல்லித்தான் பணம் கட்டினேன். “அங்கிள், ஹுவே இருக்கு, மீ சன் இருக்கு, எல்லாமே இன்க்ளூடட். நீங்க ஆன்ட்டியைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க, போதும்” என்றாள். முழு வவுச்சர் வாட்ஸப்பில் வந்தது, கிளம்பும் அன்று இரவு ஒன்பது மணிக்கு. பெட்டியை எடை போடுகிற அவசரத்தில் யார் படிப்பார்கள்? நான் படிக்கவில்லை. அது என் தப்பு.

ஹனோயில் ஹோ சி மின் நினைவிடத்துக்கு எங்களைக் கூட்டிப்போன நாள் திங்கட்கிழமை. திங்களும் வெள்ளியும் அங்கே உள்ளே விடமாட்டார்கள். வருஷம் முழுக்க ஆள் அனுப்புகிற கம்பெனிக்கு இது தெரியாதா? 1070ல் கட்டிய இலக்கியக் கோயிலை மட்டும் ஒழுங்காகக் காட்டினார்கள். தேர்வில் தேறியவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி, ஆமை முதுகில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த வழிகாட்டிப் பையன் தங்கமானவன், அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அப்புறம் ஹுவே நாள். நாங்கள் தங்கியிருந்த டா நாங் நகரிலிருந்து வடக்கே சுமார் 100 கிலோமீட்டர். காலை ஒன்பதுக்குக் கிளம்பிய பஸ் முதலில் தெற்கே போனது, சலவைக்கல் சிலைக் கடைக்கு. அங்கே ஒரு மணி நேரம். பிறகு முத்துக் கடை, பிறகு காபிக் கடை. அழகான ஹாய் வான் கணவாய் வழியைத் தவிர்த்து, ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கப்பாதையில் புகுந்து, ஹுவே போய்ச் சேரும்போது மணி மூன்று. கோட்டையின் தெற்கு வாசல் முன்னே இறக்கிவிட்டு, “இருபது நிமிடம், படம் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றான் பையன்.

உள்ளே எப்போது போகிறோம் என்று கேட்டேன். அவன் சங்கடத்தோடு தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினான். சென்னைக் கம்பெனி அவர்களுக்கு அனுப்பிய வேலைத்தாள். ‘ஹுவே: வெளியிலிருந்து பார்வை. நுழைவுச்சீட்டு கிடையாது.’ சீட்டு இரண்டு லட்சம் டாங். கேட்டால் தலை சுற்றும், நம் பணத்தில் 700 ரூபாய் வரும். நானே கொடுக்கிறேன் என்றேன். ஆனால் ஏழு மணிக்கு டா நாங்கில் இந்தியச் சாப்பாடு ஏற்பாடாகியிருந்தது, பஸ்ஸில் இன்னும் பதினான்கு பேர் இருந்தார்கள். கொப்பரைகள் மதிலுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

மறுநாள் மீ சன். அது ‘விருப்பத் தேர்வு, தலைக்கு 45 டாலர்’ என்றார்கள். வவுச்சரின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. பஸ் பா நா மலை என்ற சுற்றுலா இடத்துக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டு நாங்கள் நால்வரும் தனிக் கார் பிடித்தோம். காரும் நுழைவுச்சீட்டும் சேர்த்து 15 லட்சம் டாங், நான்கு பேருக்கும் மொத்தமே ஐயாயிரம் ரூபாய் சொச்சம். கம்பெனி கணக்கில் பதினைந்தாயிரத்தைத் தாண்டியிருக்கும்.

மீ சன்னைப் பற்றி ஒன்று. சோழர் கட்டியது என்று யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள். அந்தப் பகுதியை அப்போது ஆண்ட சம்பா அரசர்கள் நான்காம் நூற்றாண்டு தொடங்கிப் பல நூற்றாண்டுகளாகக் கட்டிய செங்கல் கோயில்கள், பெரும்பாலும் சிவனுக்கு. செங்கலுக்கு இடையே சாந்து கண்ணுக்கே தெரியவில்லை. 1969ல் அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டுகளின் பள்ளங்கள் பக்கத்திலேயே புல் முளைத்துக் கிடக்கின்றன. கூரையில்லாத கருவறையில் ஆவுடையாரைப் பார்த்ததும் என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டாள்.

இனி பணக் கதை. விசாவுக்குத் தலைக்கு 6,500 வாங்கினார்கள். அரசின் இ-விசா தளத்தில் ஒருமுறை நுழைவுக்குக் கட்டணம் 25 டாலர்தான், அன்றைய மதிப்பில் சுமார் 2,200 ரூபாய். டிசிஎஸ் என்று, அதாவது வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி என்று, நால்வருக்கும் சேர்த்து 14,900 வாங்கினார்களே, அது என் பான் எண்ணில் ஏறியிருக்க வேண்டும். ஜூலையில் வருமான வரிக் கணக்குப் போடும்போது நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைப் பார்த்தால் ஒரு பைசா இல்லை. கேட்டதற்கு “ஆடிட்டர் ஊர்ல இல்லை சார்”. அங்கிள் என்பது எப்போது சாராக மாறியதென்று கவனிக்கவில்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்த பிறகுதான் அந்தத் தொகை திரும்பி வந்தது.

நீங்கள் போவதாக இருந்தால், முன்பணம் கட்டும் முன்பே ஊர் ஊராக எழுதி வாங்குங்கள்: உள்ளே போகிறோமா, சீட்டு யார் செலவு, எத்தனை மணி நேரம், கடை நிறுத்தம் எத்தனை. ‘வழியில்’, ‘வெளிப்பார்வை’, ‘நேரமிருந்தால்’ என்று எங்கே கண்டாலும் அந்த ஊர் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள ஏற்பாட்டாளருக்கு இவர்கள் அனுப்பும் தாளின் நகலையும் கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள், காபியை வேண்டுமானால் குடித்துவிட்டு.

மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையம் வழியாக மனு போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. கம்பெனி பதில் போன வாரம் வந்தது. ஹுவே காட்டப்பட்டதாம். ஆதாரமாக, கோட்டை வாசலில் நானும் மனைவியும் நிற்கும் படத்தை என் ஃபேஸ்புக்கிலிருந்தே எடுத்து இணைத்திருக்கிறார்கள்.