பெயர்க் கட்டத்தில் தடுக்கி விழும் மென்பொருள்

கோவையில் பம்பு உதிரிபாகங்கள் தயாரிக்கும் எங்கள் நிறுவனத்தில், புதிதாகச் சேர்வோரின் விவரங்களைப் பதிவு செய்ய ஆண்டுச் சந்தாவில் ஒரு மனிதவள மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறோம். ஆஃபர் லெட்டர் கொடுத்த நாளுக்கும் பணியில் சேரும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் இதன் அருமை தெரிகிறது. சேரவிருப்பவரின் கைப்பேசிக்கு ஒரு லிங்க் போகிறது. ஆதார், பான், மதிப்பெண் சான்றிதழ், முந்தைய நிறுவனத்தின் ரிலீவிங் லெட்டர், வங்கிக் கணக்கு விவரம் என அனைத்தையும் அவர் வீட்டிலிருந்தபடியே ஏற்றிவிடலாம் என்பதால், முதல் நாள் காலையில் ஜெராக்ஸ் கடைக்கு ஓடும் வழக்கம் அடியோடு நின்றுவிட்டது.

வருங்கால வைப்பு நிதிக்கான பகுதியும் யோசித்துச் செய்யப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத வைப்பு நிதி உறுப்பினர் எண்) இருந்தால் அதே 12 இலக்க எண்ணைத் தொடரச் சொல்கிறது. முதன்முறையாக வேலைக்கு வருபவர் என்றால், 2025 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்தபடி, மத்திய அரசின் உமங் செயலியில் முகத்தைக் காட்டி எண் பெறும் முறையைப் படங்களுடன் விளக்குகிறது. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) படிவமும் தானாகவே திறக்கிறது.

இவ்வளவும் செய்தவர்கள் பெயர் எழுதும் கட்டத்தில் கோட்டை விட்டுவிட்டார்கள். குடும்பப் பெயர் கட்டாயம் என்கிறது. தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் இட்டால், குறைந்தது இரண்டு எழுத்துகள் தேவை என்று சிவப்பில் எச்சரிக்கிறது. மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பான் அட்டையில் தந்தையின் முழுப்பெயர் என்று இருப்பது இங்கே சர்வசாதாரணம். வைப்பு நிதிக் கணக்கில் ஆதாரில் உள்ளபடி பெயர் ஏற, எங்கள் சம்பளப் பட்டியலில் வேறொரு வடிவம் நிற்கிறது. ஒவ்வொன்றையும் கையால் திருத்த வேண்டியிருக்கிறது. உதவி மையத்தாரோ, முதலெழுத்தை இரண்டு முறை அடிக்கச் சொன்னார்கள். அப்படிச் செய்ததில் ஒரு லேத் ஆபரேட்டரின் அடையாள அட்டை 'முருகன் எஸ்எஸ்' என்று அச்சாகி வந்தது. தமிழ்நாட்டில் விற்கும் மென்பொருளுக்கு இனிஷியல் தெரியாது என்பதை என்னவென்று சொல்ல!

குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கமுள்ள மாநிலங்களில் இது நன்றாகவே ஓடக்கூடும். இந்தக் கட்டத்தைத் திருத்தித் தந்தாலொழிய அடுத்த ஆண்டு சந்தாவைப் புதுப்பிக்க நான் பரிந்துரைக்கப் போவதில்லை.